வெளுத்த சிவப்பு

சின்னவள் நூலில் தப்பு செய்திருக்கிறாள் என்று தெரிந்த நிமிஷம், பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வேறு யார் செய்திருந்தாலும் அது ஒரு பெரிய விஷயமில்லை. பாட்டு டீச்சரின் சிவப்புக் கோட்டுக்கு ஓரம் மடித்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல இரத்தச் சிவப்புத் துணி. சின்னவள் அடித்திருந்த நூல் செங்கல் நிறம். கோட்டின் அடியில் அது எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்து போனது. பத்தடி தள்ளி நின்றால்கூடக் கண்ணை உறுத்தும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இந்த யானை ஒன்பது வருஷமாகச் சறுக்கியதே இல்லை. சறுக்குவதெல்லாம் பெரியவளின் வேலையாகத்தான் இருந்தது, அதுவும் நிஜமாகவே: படியில், குளியலறையில், பஸ் நிறுத்தத்தில். நிறம் பார்ப்பதில் சின்னவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று வாடிக்கையாளர்கள் எல்லாரும் சொல்வார்கள். வலது கண்ணைக் குறிபார்க்கிறவன் மாதிரி மூடிக்கொண்டு, இடது கண்ணால் துணியையும் நூலையும் ஒரு தடவை பார்ப்பாள். "இதுதான்" என்பாள். அதுதான். "என் சின்னப் பொண்ணோட இடது கண்ணு தராசு" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெரிய பொண்ணைப் பற்றி அம்மா என்ன சொல்வாள் என்றால், "பாவம், அவளால ஆனதைச் செய்யறா" என்பாள். பாவம் என்கிற வார்த்தையைக் கேட்டால் பெரியவளுக்குக் கத்தரிக்கோலைத் தேடத் தோன்றும்.

அந்தக் கடை பழைய துணியைச் சரிசெய்து கொடுக்கிற கடை. கால்சட்டையைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு லைனிங் போடுவது. அம்மா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துணிக்கும் தேதியும் வேலையும் எழுதிச் சீட்டுக் குத்துவாள். ஜன்னலோரத்து மிஷின் ஒருகாலத்தில் பெரியவளுடையது. வலது பாதம் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தியபிறகு, மிதியை அழுத்தினால் மிஷின் ஒன்று நிற்கும் அல்லது பாயும். ஒரு நாள் அம்மா மெதுவாக, "நீ மேஜைக்கு வந்துடேன்" என்றாள். அன்றிலிருந்து மிஷின் சின்னவளுக்கு, தையல் பிரிக்கிற கொக்கி பெரியவளுக்கு. ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி பிரிக்கிறாள். ஊர் சிரிக்கப் பொருத்தமான குடும்பம்தான்.

பெரியவள் செங்கல் நிறத் தையலை விரலால் தடவிப் பார்த்தபடி, சத்தமாக என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். 'தராசு இன்னைக்கு எங்க போச்சு?' என்பது நன்றாக இருந்தது. வாயைத் திறக்கப்போகும்போது சின்னவளே அவளிடம் வந்தாள். கையில் அடர் சிவப்பு நூல்கண்டு ஒன்று. நேற்றுதான் வாங்கி வந்தது.

"அக்கா, இந்தச் சிவப்பு உனக்கு எப்படித் தெரியுது? எனக்கு வெளுப்பாத் தெரியுது. பழைய டீ கறை மாதிரி." இடது கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "கண்ணைத் திருப்பினா உள்ளுக்குள்ள வலிக்குது வேற."

பெரியவளின் கை கோட்டின் மேல் அப்படியே நின்றது.

அவளுக்குத் தெரியும். டாக்டருக்கு முன்னால், ஸ்கேனுக்கு முன்னால், சின்னவளுக்கே முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது கண்ணிலும் சிவப்புதான் முதலில் போனது. அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள்: டீ மாதிரி இருக்கு. கண்ணைத் திருப்பினால் வலி. பிறகு பாதம் மரத்தது. பிறகு கத்தரிக்கோல் கையிலிருந்து விழ ஆரம்பித்தது. இதே சின்னவள் அப்போது மிஷின் பக்கத்தில் சூயிங்கம் மென்றுகொண்டு ஒரு வாக்கியம் சொன்னாள்:

"வேலைன்னு வந்துட்டா அக்காவுக்குக் கண்ணும் தெரியாது, காலும் நடக்காது."

வீடே சிரித்தது. நல்ல வாக்கியம், அதில் குறை சொல்ல முடியாது. சொலவடை மாதிரி அது மூன்று வருஷம் வீட்டில் நின்றது. அம்மா சொன்னாள், அத்தை சொன்னாள், அப்போது அவளோடு பழகிக்கொண்டிருந்த ஒருவன்கூடச் சொன்னான். மூன்று வருஷம் கழித்துப் பெரியவள் மாடிப்படியில் உருண்டு விழுந்தபிறகுதான் அது நாடகமில்லை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு வியாதி என்று பெயர் வந்தது. கைத்தடி வந்தது. அந்த ஒருவன் போனான். தடி மட்டும் நின்றது.

இத்தனையும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் அவளுக்குள் வந்து போயிற்று. மூச்சை விடும்போது வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நூல்தான் வெளுத்திருக்கு. கடையில வெயில்ல வச்சிருப்பான்."

"அப்படியா?"

"ஆமா. சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும். உனக்குத் தெரியாததா?"

"அதான் பார்த்தேன்" என்றாள் சின்னவள். முகம் தெளிந்துவிட்டது. நூல்கண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மிஷினுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் அம்மாவும் சின்னவளும் சாப்பிட மேலே போனபோது, பெரியவள் கோட்டின் ஓரத்தை முழுக்கப் பிரித்தாள். குப்பைக்கூடையிலிருந்து அந்த நூலை எடுத்தாள். வலது கண்ணால் பார்த்தாள். துணியோடு அப்படியே ஒட்டிப்போகிற சிவப்பு. கையாலேயே ஓரம் முழுவதும் தைத்து முடித்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது. பாட்டு டீச்சர் வந்து புகார் சொன்னால் அம்மா ஏன் என்று கேட்பாள், சின்னவள் கண் என்பாள், அம்மா பதறுவாள், அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் தைத்தாள். தங்கைக்கு உதவி செய்கிறேன் என்று தன்னிடமே ஒரு பொய்யையும் சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் முதலில் தங்கள் கண்ணைத்தான் மூடிக்கொள்கிறார்கள். கோட்டில் குத்தியிருந்த தேதிச் சீட்டை மட்டும் அவள் எறியவில்லை. குண்டூசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவள் எண்ணி எண்ணிப் பொருமியதையும் கொஞ்சம் கேட்க வேண்டும். சின்னவளுக்கு மிஷின் இருந்தது. நடை இருந்தது, மாடிப்படியைப் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குகிற நடை. கப்பலில் வேலை பார்க்கிற புருஷன் இருந்தான். எந்தக் கடலில் இருந்தாலும் தினம் சாயங்காலம் ஃபோன் பண்ணி அரை மணி நேரம் அசடு வழிவான். அம்மா இருந்தாள். எல்லாம் இருந்தவளுக்கு இப்போது வியாதியும் வரப்போகிறது, அதுவும் அவளுக்கு மட்டும் சரியான நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சரியான நேரத்தில் மருந்து கிடைத்து, படியில் பாடிக்கொண்டே இறங்கப்போகிறாள். தன்னை யாரும் நம்பாமல் போன மூன்று வருஷத்தில் தனக்குப் போனதெல்லாம் அவளுக்கு மிஞ்சப்போகிறது. வியாதியில்கூட அவளுக்குத்தான் நல்ல துண்டு. அதை நினைக்கும்போது பெரியவளுக்கு வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்வதில்லை. நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஓரிடம் நிஜமாகவே சுட்டது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஒரு நாள்தானே. அது எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒரு நாளாவது தெரியட்டும். ஒரு நாள் இரண்டானது. இரண்டு, ஏழானது.

ஏழாம் நாள் பெரியவளுக்கு ஆஸ்பத்திரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியில் சாய்ந்து கையில் மருந்து ஏற்றிக்கொள்கிற நாள். அங்கே இருந்த நர்ஸை அவள் ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவாள். "நீயும் ஊசி, நானும் ஊசி. உனக்கு மட்டும் சம்பளம் ஜாஸ்தி" என்பாள். ஊசிக்காரியும் சிரிப்பாள்.

அன்று எதிர் நாற்காலியில் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், புதிதாக வந்திருந்தாள். மருந்து முடிந்ததும் குதித்து எழுந்து, லிஃப்ட் வரப் பொறுமையில்லாமல் படியில் ஓடினாள். டக் டக் என்று செருப்புச் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

"அதுக்கும் இதே வியாதியா?" என்றாள் பெரியவள்.

"இதேதான். ஆனா அதுக்கு மூணு வாரத்துலயே பிடிச்சுட்டோம்ல." ஊசிக்காரி குழாயைத் தட்டி விட்டாள். "நரம்பு மேல ஒரு உறை இருக்குன்னு சொல்லியிருக்கேனே. நம்ம உடம்பே அதை எதிரின்னு நினைச்சுக் கடிக்குது. உறை போனா சில சமயம் திரும்ப வளரும். ஆனா உள்ள இருக்கிற நரம்பே செத்துடுச்சுன்னா வராது. இப்பல்லாம் அது சாகறதுக்கு முன்னாடி காப்பாத்தத்தான் பார்க்கறாங்க. இருக்கிறதை இருக்கிறபடி வச்சுக்கணும், அதுதான் வைத்தியம்."

பெரியவளுக்கு இது லைனிங் விஷயமாகத்தான் புரிந்திருந்தது. கோட்டில் லைனிங் கிழிந்தால் வேறு போட்டுவிடலாம். கவனிக்காமல் விட்டால் உள்துணியே உராய்ந்து நூல் நூலாகப் போய்விடும், அதற்கப்புறம் எந்த லைனிங்கும் நிற்காது. அவளுடைய ஸ்கேன் படத்தில் கறுப்பாகச் சில புள்ளிகள் இருந்தன. துணியே போன இடங்கள் அவை.

"எனக்கும் மூணு வாரத்துல பிடிச்சிருந்தா?" என்றாள்.

ஊசிக்காரி குழாயைத் திரும்பவும் தட்டினாள். நல்லவள், பொய் சொல்லத் தெரியாது. பேச்சை மாற்றுகிற மாதிரி, "உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்குக் கண்ணு மங்குது, மரத்துப்போகுதுன்னு ஏதாவது இருந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு நாள்கூட வச்சிருக்காதீங்க" என்றாள்.

"ஒரு தங்கச்சி" என்றாள் பெரியவள். "அவளுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். படியில் அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. இவளுக்கு மட்டும் இன்னும் கேட்டது.

அதற்கப்புறம் அவள் தங்கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆகிறது. டீயை மேஜையின் விளிம்பில் வைக்கிறாள். இடது பக்கம் வருகிற ஆள் தெரியாமல் திடுக்கிடுகிறாள். அம்மா, "தூக்கம் போதலையாடி கண்ணு? நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்று அவளை மேலே அனுப்பினாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அம்மா, இதே கண்வலிக்குப் பெரியவளிடம், "எழுந்து வேலையைப் பாரு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொன்னாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பெரியவளைக் கேட்டால் நெற்றியும் வேறு என்பாள்.

பதினெட்டாம் நாள் காலை. சின்னவள் முன்பக்கத்தில் ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்குத் துணியில் கோடு போடச் சாக்குக்கட்டி வேண்டியிருந்தது. தடியை ஊன்றி ஜன்னலோரம் போய், ஒருகாலத்தில் தன்னுடையதாக இருந்த மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே சிவப்பு. ஒன்பது நூல்கண்டு, ஒன்பதும் புதுசு, ஒன்பதும் வேறு வேறு கடை. சிலவற்றில் கடைக்காரரின் முத்திரைத் தாள்கூடக் கிழிக்கவில்லை. இரண்டு, ஊரின் மறுகோடியில் இருக்கிற மொத்தக் கடைகளிலிருந்து வந்தவை. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். நூல்கண்டுகளுக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. விரித்தாள். ஒன்பது வரிசை தையல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூலில். பக்கத்தில் பென்சிலால் சின்னவளின் சாய்ந்த கையெழுத்து:

வெளுப்பு. வெளுப்பு. இதுவும் வெளுப்பு. கொஞ்சம் பரவாயில்லை. இல்லை, வெளுப்பு.

ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பென்சிலை வைத்து அழுத்தியதில் துணியில் சின்ன ஓட்டை மட்டும் விழுந்திருந்தது.

பெரியவளின் நல்ல கண்ணுக்கு ஒன்பது வரிசையும் பளிச்சென்று, இப்போதுதான் விரலைக் குத்திக்கொண்ட மாதிரி சிவப்பாக இருந்தன.

நம்பியிருக்கிறாள். பைத்தியக்காரி, நம்பியிருக்கிறாள். நூல்தான் வெளுத்திருக்கு என்று அக்கா சொன்னாளே என்று, வெளுக்காத சிவப்பைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். பெரியவள் அந்த மூன்று வருஷம் உண்மையைச் சொன்னாள், ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது ஒரே ஒரு பொய் சொன்னாள், அதை இந்தக் கழுதை ஒன்பது தடவை நம்பியிருக்கிறது. இந்த நம்பிக்கைகூட அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறதே என்று ஒரு கணம் அதிலும் பொறாமைப்பட்டாள். அப்புறம் அந்தப் பென்சில் ஓட்டையில் கண் போனது. அந்த இடத்தில் சின்னவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

வலது கெண்டைக்கால் சதை துடித்தது. அது அடிக்கடி துடிக்கும், வியாதியின் வேலை. ஆனால் இந்தத் தடவை முழங்கால் வரைக்கும் தூக்கிப்போட்டு, மிஷின் மிதியில் இடித்து, மிஷின் ஒரு தையல் ஓடி நின்றது. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். "என் சதை ஆடாத நாள் எது?" என்று பெரியவள் பதிலுக்குக் கடிப்பாள். இன்றைக்குக் கடிக்க ஒன்றும் தோன்றவில்லை.

"கிளம்பு" என்றாள், அளவு நாடாவோடு உள்ளே வந்த சின்னவளிடம். "கண்ணைக் காட்டணும்."

"அடுத்த வாரம் கண்ணாடிக் கடைக்குப் போலாம்னு இருந்தேன்..."

"கண்ணாடிக் கடை இல்ல. என் டாக்டர்."

சின்னவள் அக்காவின் கையில் விரிந்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அப்புறம் தடியைப் பார்த்தாள். நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள்; சுருட்டச் சுருட்ட அது கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

"அவளுக்கு எதுக்குடி உன் டாக்டர்?" என்று அம்மா கத்தினாள். பிறகு அவளாகவே ஓடிப்போய் டாக்ஸியைக் கூப்பிட்டாள். பெரியவள் முதல் தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில், தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். டாக்ஸியின் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு அதையும் நினைத்தாள். இந்த நேரத்தில்கூட நினைத்தாள். மனசு அப்படித்தான், சமயம் பார்க்காது.

நரம்பு டாக்டர் வயதான பெண்மணி, அதிகம் பேசமாட்டார். ஒரு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து, சின்னவளின் ஒவ்வொரு கண்ணையாக மூடிக் காட்டினார். விளக்கடித்துப் பார்த்தார். முட்டியைத் தட்டினார். பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"நாலு நாள் இருக்கும்" என்றாள் சின்னவள். டாக்டர் முன்னால் எல்லாரும் செய்வதுதான் அது. திட்டுவாரோ என்று குறைத்துச் சொல்வது.

டாக்டர் நான்கு என்று எழுதினார். "நாலு நாள்தான்னா அவசரப்பட வேண்டாம். இந்தக் கண் நரம்பு வீக்கம் ரெண்டு வாரம் வரைக்கும் ஏறிட்டு, அப்புறம் தானாவே இறங்க ஆரம்பிக்கும். ஸ்கேனுக்கு எழுதித் தரேன். வரிசை இருக்கு, அடுத்த மாசம் கிடைக்கும். அதுக்குள்ள இன்னும் மோசமானா வாங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. "அவசரம் இல்லையாம்" என்று சின்னவளின் தோளைத் தடவினாள்.

பெரியவள் நான்கு என்கிற அந்த எண்ணைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவள் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. யாருக்கும், என்றைக்கும் தெரியாது. அடுத்த மாதம் எப்படியும் வந்துவிடும். தங்கைக்கு எப்படியும் மருந்து கிடைத்துவிடும். இன்னும் ஒரு மாதம். கறுப்புப் புள்ளி ஒன்று விழ எத்தனை நாள் ஆகும் என்று ஊசிக்காரியை அவள் கேட்டதில்லை.

"பதினெட்டு நாள்" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். தேதி இருக்கு." கைப்பையிலிருந்து பாட்டு டீச்சரின் கோட்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கிளம்பும்போது குண்டூசிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள் போல. எடுத்தது அவளுக்கு நினைவில்லை. "அன்னைக்குத்தான் நூலைத் தப்பா எடுத்தா. சிவப்பு வெளுத்துத் தெரியுதுன்னு என்கிட்ட வந்து கேட்டா. நூல்தான் வெளுத்திருக்குன்னு சொன்னேன்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அறையில் மேஜை விசிறி மட்டும் அந்தச் சீட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் மேல் பேனாவை வைத்தார். எழுதியிருந்த நான்கை அடித்தார்.

"பாவி" என்றாள் அம்மா. "கூடப்பொறந்தவளாடி நீ?"

"எனக்கு மூணு வருஷம்மா" என்றாள் பெரியவள். குரல் உடைந்துவிட்டது, அதில் அவளுக்கே ஆத்திரம். "மூணு வருஷம் சொன்னேன். கண்ணும் தெரியாது, காலும் நடக்காதுன்னு சிரிச்சீங்க. அவளுக்குப் பதினெட்டு நாள்தான். அதுக்கு மேல என்னால முடியல."

சின்னவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். தன் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, கெட்ட கண்ணால் அக்காவைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ.

பதினெட்டு நாளாகியும் இறங்கவில்லை என்றதும் எல்லாம் மாறியது. அன்றைக்கே ஸ்கேன், அன்றைக்கே படுக்கை, மூன்று நாள் ஊசி மருந்து. நான்காம் நாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். வெள்ளையாக நாலைந்து புள்ளிகள், உறை மட்டும் போன இடங்கள். பெரியவள் தடியை ஊன்றி எட்டிப் பார்த்தாள். கறுப்பைத் தேடினாள். மூலைமுடுக்கெல்லாம் தேடினாள்.

"கறுப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டர். "இப்பவே மருந்து ஆரம்பிச்சா இப்படியே வச்சுக்கப் பார்க்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பார்க்கலாம்."

"அந்தப் பதினெட்டு நாள்ல..." என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"பெரிசா ஒண்ணும் போயிருக்காதுன்னுதான் நினைக்கறேன். ஆனா எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற ஸ்கேன் இன்னும் வரல."

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை என்று அம்மா நினைத்திருக்கலாம்; பாதி அதுதான். மீதிப் பாதி, அந்தச் சுத்தமான படத்தைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சல். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அவளுடைய கொக்கியாலும் முடியாது.

அதற்கப்புறம் ஆறு வாரம் சின்னவள் அக்காவோடு பேசவில்லை. கடையோ ஒரே அறை. எனவே சீட்டில் எழுதினாள். துணியோடு குத்தி மேஜைக்கு அனுப்புவாள்: 'பட்டன் நான்கு.' 'இடுப்புத் தையலைப் பிரிக்கவும்.' ஒரு நாள் பிரிக்க எதுவும் இல்லாத கால்சட்டை ஒன்றில் வெறுமே, 'எப்படி மனசு வந்தது?' என்று ஒரு சீட்டு வந்தது. பெரியவள் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பின்பக்கம், 'நன்றாகவே வந்தது' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள்.  அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களிடம் தேவைக்கு மேல் பேசிக்கொண்டிருந்தாள். கண் தராசு என்கிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஏழாவது வாரம் ஒரு காலை, சின்னவள் படியில் பாடிக்கொண்டே இறங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். நேராக மேஜைக்கு வந்தாள். இழுப்பறையிலிருந்த சிவப்பு நூல்கண்டு ஒன்று அவள் கையில் இருந்தது.

"இது எப்படித் தெரியுது?" என்றாள்.

பெரியவள் பார்த்தாள். "நல்ல சிவப்பு."

சின்னவள் கையை நீட்டி, உள்ளங்கையால் அக்காவின் வலது கண்ணை மூடினாள். அழுத்தமாகத்தான் மூடினாள். "இந்தக் கண்ணுல?"

பன்னிரண்டு வருஷத்தில் டாக்டரைத் தவிர யாரும் அவளை இதைக் கேட்டதில்லை. அந்தக் கண்ணில் தங்கையின் கை, மேஜை, ஜன்னல் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருந்தன. நடுவில் நூல்கண்டு.

"டீ" என்றாள்.

"இன்னுமா?"

"இன்னும்தான். அது வராது."

சின்னவள் கையை எடுக்கவில்லை. "எனக்கு வந்துடுச்சுக்கா" என்றாள். சந்தோஷமும் பயமும் கலந்த குரல். "இன்னைக்குக் காலையில. சிவப்பு சிவப்பாவே தெரியுது."

நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் அந்த இடம் சுட்டது. அவள் அதை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வயிறு எரியுதுடி" என்றாள் பெரியவள்.

"எரியட்டும்" என்றாள் சின்னவள். உள்ளங்கை அக்காவின் கண்ணீரில் நனைந்து வழுக்கியது, அப்போதும் எடுக்கவில்லை. "எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு. நூல் வெளுத்திருக்குன்னு மட்டும் சொல்லாத."